ஒற்றை வயர்ச் சிவக்கொழுந்து

இலுப்பைக்கடவையில் சிவக்கொழுந்து என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் பூசாரியின் தாய். இரண்டு காதும் கேளாது. இரண்டாமவர் கச்சான் வறுத்து விற்பவர். மூன்றாவது ஆள் பற்றரிச் சிவக்கொழுந்து. மீள்குடியேறி வந்த சனத்துக்கு வெளிச்சம் கொடுத்தவள் இவள்தான். சனம் என்றால் முழுச் சனமும் அல்ல, பதினொரு வீடு. மற்ற வீடுகளில் குப்பி விளக்குப் புகைந்துகொண்டிருந்த காலத்தில் பதினொரு வீடு என்பது ஒரு அமைச்சரின் சாதனை. அமைச்சர் என்றால் அதற்குக் கல்லும் நாட்டியிருப்பார்.

வயது முப்பத்தெட்டு. மெலிந்த உடம்பு. மற்றப் பெண்களுக்குச் சாவி கோத்த திறப்புக்கோர்வை தொங்குகிற இடுப்பில் இவளுக்குக் குறடு தொங்கும். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டு வந்ததெல்லாம் சார்ஜ் நிக்காத பற்றரி" என்பாள். இரண்டாம் தடவை ஒருவரும் கேட்கவில்லை.

படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று சொல்வது நியாயம் இல்லை. பள்ளிக்கூடம்தான் இடம்பெயர்ந்து ஒரு பக்கம் போனது. இவள் குடும்பம் வேறு பக்கம் போனது. இரண்டும் பிறகு சந்திக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் கறண்டும் போனது. மல்லாவியில் பற்றரி சார்ஜ் செய்கிற கடை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. சனம் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வரும். கடையில் ஜெனரேற்றர் இருமிக்கொண்டு நிற்கும். எது யாருடைய பற்றரி என்று சோக்கால் எழுதி வைப்பதும், அசிட் குறைந்தால் ஊற்றுவதும் அவள் வேலை.

அவளுக்குப் பாடம் எடுத்தது ஒரு சைக்கிள்.

அந்தக் காலத்துச் சைக்கிளில் டைனமோ பூட்டியிருக்கும். சில்லு உரச டைனமோ சுற்றும், விளக்கு எரியும். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். பற்றரியில் எதைக் கொழுவினாலும் இரண்டு வயர் வேண்டும், ஒன்றைக் கழற்றினால் அணைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியிருக்க இது எப்படி ஒற்றைக் காலில் நின்று எரிகிறது? ஒரு நாள் புதுப் பெயின்ற் அடித்த சைக்கிள் ஒன்று கடைக்கு வந்தது. டைனமோ நல்லது, பல்ப் நல்லது, வயர் நல்லது, விளக்கு மட்டும் எரியவில்லை. சைக்கிள்காரன் டைனமோவுக்கு ஒரு தட்டுத் தட்டினான், விளக்குக்கு ஒரு தட்டுத் தட்டினான், பெயின்ற் அடித்துக் கொடுத்த மச்சானுக்கும் ஒரு தட்டுத் தட்டினான். எரியவில்லை. சிவக்கொழுந்து விளக்கைத் தாங்குகிற தகட்டுக்கு அடியில் பெயின்றைக் கத்தியால் சுரண்டினாள். எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டாவது வயர் இருக்கத்தான் இருக்கிறது. அதன்மேல்தான் ஆள் ஏறி ஓடுகிறான். சைக்கிளின் இரும்புச் சட்டம் முழுவதுமே திரும்பி வருகிற வழி.

கறண்ட் வெளிக்கிட்ட இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். வர வழி இல்லையென்றால் அது வெளிக்கிடவே மாட்டாது. வழி முழுமையாக இருந்தால் மூடிய சுற்று, எங்காவது அறுந்திருந்தால் திறந்த சுற்று. சுவிச் என்பது நாங்கள் வேண்டுமென்றே அறுத்து வைக்கிற இடம், அவ்வளவுதான். "மனிசர்தான் திரும்பி வர வழி இருக்கோ எண்டு பாக்காமல் வெளிக்கிடுறது" என்று அவள் ஒருக்கால் சொன்னாளாம். சொல்லிவிட்டு உடனே அசிட் ஊற்றப் போய்விட்டாளாம்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஊருக்குத் திரும்பினார்கள். கிணறும் பனையும் நின்ற இடத்தில் நின்றன. வீடு இல்லை. தகரமும் சீமெந்தும் கொடுத்தார்கள். ஆளுக்கொரு தகரக் கொட்டில் எழும்பியது. மல்லாவிக் கடை தந்த இரண்டு பற்றரியோடு வந்திருந்த சிவக்கொழுந்து, முதல் விளக்கைக் கனகம்மாவின் கொட்டிலில் போட்டாள். கனகம்மா பக்கத்து வளவு. அறுபது வயது, தனி ஆள், வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும்.

மூன்று பல்பை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வயரில் கோர்த்தாள். மூன்றும் எரிந்தன, காய்ச்சல்காரனின் கண் மாதிரி. "இதை எரியுதோ இல்லையோ எண்டு பாக்க எனக்கு இன்னொரு விளக்கு வேணுமடி" என்றார் கனகம்மா. மூன்றாம் நாள் நடுப் பல்ப் சுட்டுப்போக மற்ற இரண்டும் சேர்ந்து செத்தன. தொடராகக் கோர்த்தால் அப்படித்தான். நிவாரணக் கியூ மாதிரி. முன்னுக்கு நிற்கிறவன் கூப்பன் அட்டையை மறந்துவிட்டு வந்து வழியை மறித்தால் பின்னால் நிற்கிற ஒருவருக்கும் அரிசி இல்லை. இருக்கிற அரிசியையும் மூன்றாகப் பங்கு போட்டால் ஆளுக்கு அரைவயிறு.

பிறகு ஒவ்வொரு பல்புக்கும் பற்றரியிலிருந்து தனித்தனி வழி கொடுத்தாள். இது சமாந்தரம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு யன்னல். ஒன்று செத்தாலும் மற்றவை தங்கள் பாட்டில் எரியும். எல்லாம் முழுப்பங்கு கேட்பதால் பற்றரி வேளைக்கே இறங்கும். அதற்கு இரண்டு பற்றரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக் கட்டினாள்.

ஆனால் வழிக்கு வயர் வேண்டும். வயர் வாங்க மன்னாருக்குப் போகவேண்டும். அங்கேதான் சைக்கிள் அவளுக்குக் கைகொடுத்தது. வீடே தகரம். தகரம் என்றால் இரும்பு. இரும்பு என்றால் வழி. இரட்டை வயரை நடுவில் கிழித்தால் இரண்டு வீட்டுக்குக் காணும். தகரத்தில் துளை போட்டு, துளையைச் சுற்றி மினுங்கும்வரை சுரண்டி, நட்டுப் பூட்டி இறுக்குவாள். பற்றரியின் ஒரு முனை தகரத்துக்கு. மற்ற முனையிலிருந்து ஒற்றை வயர், சுவிச்சுக்கும் அங்கிருந்து பல்புக்கும். பல்பின் மற்றக் கால் கிட்ட இருக்கிற தகரத்துக்கு. எந்த முனை தகரத்துக்கு, எந்த முனை வயருக்கு என்று அவள் பார்ப்பதில்லை. பல்ப் அதைக் கேட்பதும் இல்லை. தகரத்தைக் கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. பன்னிரண்டு வோல்ட் நுளம்பைக்கூடக் கொல்லாது.

ஒரே ஒரு தரம் பிசகியது. வயல்காரர் நடராசாவின் கொட்டிலில் வயரின் தோல் தகர விளிம்பில் வெட்டுப்பட்டு, உள்ளே இருந்த செம்பு நேரே தகரத்தில் முட்டிவிட்டது. பல்புக்குப் போய் வேலை செய்யாமல் கறண்ட் குறுக்கால் பாய்ந்து பற்றரிக்குத் திரும்பியது. அதுதான் குறுஞ்சுற்று, வேலை செய்யாமல் சம்பளம் எடுக்கிற மாதிரி. வயர் புகைந்தது. நடராசாவின் மனுசி சிவலட்சுமி ஒரு வாளி தண்ணீரைப் பற்றரிக்கு ஊற்றி, ஒரு வாளியை நடராசாவுக்கும் ஊற்றினார். அதன்பிறகு சிவக்கொழுந்து எல்லா வீட்டுச் சுற்றிலும் நூல் மாதிரி மெல்லிய கம்பி ஒன்றை இடையில் போட்டாள். கூடப் பாய்ந்தால் அது முதலில் எரிந்து அறுந்துவிடும்.

வீட்டுக்கொரு பற்றரி வாங்கி, இறங்க இறங்க ஜெனரேற்றர் கடைக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றி, இப்படி மூன்று வருஷம். பதினொரு வீடும் எரிந்தன.

மூன்றாம் வருஷம் வீட்டுத்திட்டத்தில் கல்வீடுகள் எழும்பின. கொட்டில்கள் சமைக்கிற குசினி ஆகின. மன்னார் றோட்டால் கறண்ட் தூண்கள் ஒவ்வொன்றாக நடந்து வந்து ஊருக்குள் நுழைந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். சிவக்கொழுந்தும் மகிழ்ந்தாள், ஆனால் கணக்கு அவளுக்கு விளங்கியது. வீட்டுக்கு வீடு கறண்ட் வந்தால் பற்றரிக்காரிக்கு ஊரில் என்ன வேலை?

அந்த நேரம்தான் ஜவாஹிர் வந்தார். மன்னார்த் தீவுக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை ஊர் 'நானா' என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயது, லைசென்ஸ் உள்ள வயர்மன். அவர் சோதித்துக் கையெழுத்து வைத்தால்தான் ஒரு வீட்டுக்குக் கறண்ட் கொடுப்பார்கள். நாற்பத்திரண்டு கல்வீடு, அவருக்கு இரண்டு கை; பற்றரி எரிந்த வீடுகள் உட்படப் பாதியைத்தான் முடித்திருந்தார். ஊரில் வேலை தெரிந்த ஆள் இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள்.

"பொம்புளப் புள்ளயா?" என்றார் ஜவாஹிர்.

"ஏன் நானா, கறண்ட் ஆம்பிளையளோடை மட்டுந்தான் கதைக்குமோ?" என்றாள் சிவக்கொழுந்து.

அவர் சிரித்தார். கனகம்மாவின் கல்வீட்டைக் கொடுத்தார். "இத வயர் பண்ணிக் காட்டுங்க தங்கச்சி. சரியெண்டா மத்த வீடெல்லாம் நீங்களும் நானும்தான். வெள்ளிக்கிழம லைன் குடுக்குறாங்க."

அவள் மூன்று நாள் சோறு தண்ணி பாராமல் வேலை செய்தாள். கல்வீட்டில் எல்லாம் இரட்டை வயர், எல்லாம் சமாந்தரம். சுவிச் எல்லாம் ஒரே உயரம். வேலை முடிந்தபோது அவளுக்கே அது நல்லாக இருந்தது. வயர் கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. அந்தப் பெருமைப் புளுகத்தில், கனகம்மாவுக்குக் குசினியிலும் ஒரு கறண்ட் பல்ப் இருக்கட்டும் என்று, கல்வீட்டிலிருந்து தகரக் குசினிக்கு ஒரு வயரை இழுத்தாள். ஒற்றை வயர். மற்றதுக்குக் கை தானாகவே தகரத்தைச் சுரண்டியது. அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்கிறதுக்கு அதில் என்ன இருக்கிறது?

புதன்கிழமை ஜவாஹிர் வந்து பார்த்தார். ஒவ்வொரு அறையாகச் சோதித்தார். தலையை ஆட்டினார். குசினிக்குள் போனார். பல்புக்குப் போகிற வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தார். மற்றக் கால் தகரத்தில் முடிந்திருந்தது.

"தங்கச்சி, மத்த வயர் எங்க?"

"உதுதான் நானா." அவள் சுவரைத் தட்டிக் காட்டினாள். தகரம் டங் என்றது.

"இந்தத் தகரத்துல யாரு உடுப்புக் காயப்போடுற?"

"கனகம்மாக்காதான். ஏன்?"

"வெள்ளிக்கிழமக்குப் பொறகு உடுப்போட சேர்ந்து அவவும் காய்ஞ்சிருவா."

அவளுக்கு விளங்கவில்லை. ஜவாஹிர் அவசரப்படாமல் சொன்னார். "பற்றரி பன்னிரண்டு. இது இருநூத்தி முப்பது. பன்னிரண்டுக்கு ஒங்க ஒடம்பு சுவர், பாயாது. இருநூத்தி முப்பதுக்கு ஒங்க ஒடம்பும் ஒரு வயர்தான். வயர மாத்திக் கொழுவினா தகரம் முழுக்க உயிர்க் கறண்ட். மாத்தாமக் கொழுவினாலும், பின்னால திரும்புற வயரு எங்கயாவது லூசாச்செண்டா, தகரத்தத் தொட்ட ஆளுதான் அது திரும்புற வழி."

"தானா அணைக்கிற ட்ரிப் சுவிச் விழாதோ?"

"விழும். விழுந்தா சனம் என்ன செய்யும்? ரெண்டுதரம் தூக்கிவிடும். மூணாந்தரம் அதக் கழட்டிப் போட்டு நேராக் குடுக்கும். நான் எத்தன வீட்டப் பாத்திருக்கன்." குறட்டால் அந்த வயரை நறுக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "கல்வீட்டு வேல பத்தரமாத்து. நம்மளோட சேந்துக்கங்க. இந்தக் குசினி வேல மட்டும் வேணாம். வேற எங்கயாவது இப்புடிச் செஞ்சிருக்கிறியளா?"

"இல்லை" என்றாள் சிவக்கொழுந்து.

வாய் முந்திவிட்டது. அவர் கையெழுத்தை வைத்தார், நாளைக்கல்ல நாளன்றைக்குச் சந்திப்போம் என்றார், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. குசினிகளைச் சோதிக்க ஒருவரும் வரப்போவதில்லை. கையெழுத்துக் கல்வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் லைன் வந்தவுடன் பதினொரு வீட்டுக்காரரும் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். குசினியில் ஏற்கனவே வயர் ஓடுகிறது, சுவிச் இருக்கிறது. பற்றரியைக் கழற்றிவிட்டுக் கல்வீட்டிலிருந்து இரண்டு வயரை எடுத்து அந்த இடத்தில் கொழுவினால் வேலை முடிந்தது. அவளே அப்படித்தான் செய்திருப்பாள். எந்த வீட்டில் எந்த முனை தகரத்தில் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவில்லை. அவள் பார்த்ததே இல்லையே.

வேலியால் பார்த்தாள். கனகம்மா குசினித் தகரத்தில் ஈரச் சேலையை விரித்து, அது விழாமல் இரண்டு கையாலும் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். வெறுங்கால்.

வியாழக்கிழமை விடிய அவள் குறட்டோடு வெளிக்கிட்டாள். முதல் ஆள் கனகம்மா. பழைய வயரையும் கழற்றப்போகிறேன், நான் செய்தது பிழை என்று சொன்னாள்.

"மூண்டு வருசமா எரிஞ்சதடி. எரியேக்கை பிழை இல்லையோ?"

"அண்டைக்குப் பிழை இல்லை அக்கா. நாளைக்குப் பிழை."

"விசரி" என்றார் கனகம்மா. ஆனால் வழிவிட்டார். வீட்டுக்கு வீடு இதே கதை. சில பேர் சிரித்தார்கள். சில பேர், "அப்ப இவ்வளவு நாளும் எங்களைச் சாக்கொல்லப் பாத்தனியோ?" என்று கேட்டார்கள். அவள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. வயரை நறுக்கினாள், சுருட்டினாள், அடுத்த படலையைத் திறந்தாள். கிழடு கட்டைகள் அவளுக்கு அன்றே புதுப்பெயர் வைத்துவிட்டார்கள்: ஒற்றை வயர். பகல் மூன்று மணிக்குப் பத்து வீடு முடிந்தது.

பதினொராவது நடராசா. அவர் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக் குறுக்கே இருந்தார். கல்வீட்டிலிருந்து இரண்டு வயரைக் குசினிவரை இழுத்துத் தயாராக வைத்திருந்தார்.

"தொடாதை பிள்ளை. நல்லா எரியிறதை ஏன் பிடுங்குறாய்? அந்த மன்னாரான் உன்னட்டைச் சொல்லி வயர் விக்கப் பாக்கிறான்."

"அண்ணை, தகரத்திலை கறண்ட் பாயும்."

"இப்பவும் பாயுதெண்டுதானே அண்டைக்குச் சொன்னனீ? நான் மூண்டு வருசமா இதிலை முதுகு சாய்ச்சுக்கொண்டு கிடக்கிறன். கூசக்கூட இல்லை."

சிவக்கொழுந்து கொஞ்சம் யோசித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பற்றரி இன்னும் பூட்டித்தான் இருந்தது. அவரைத் தாண்டிக் கையை நீட்டி, தோல் உரித்த வயர் ஒன்றின் ஒரு நுனியைத் தகரத்தில் பூட்டாத முனையில் கொழுவி, மற்ற நுனியை வெளியே இழுத்தாள்.

"சரி. ஒரு சின்ன விளையாட்டு. கையை நனையுங்கோ. இந்த நுனியை இறுக்கிப் பிடியுங்கோ. தகரத்தை நாக்காலை தொடுங்கோ."

"என்னது?"

"நக்குங்கோ அண்ணை. உங்கடை வீட்டுச் சுவர்தானே."

சிவலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "நக்குங்கோவன். மூண்டு வருசமாக் கூசாத சுவர்தானே."

இரண்டு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர், கோயில் நிர்வாக சபையில் உறுப்பினர், நனைந்த கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தன் குசினிச் சுவரை நக்கினார். நாக்கு சுள்ளென்று கடித்து இழுத்தது. கதிரை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"இது பன்னிரண்டு" என்றாள் சிவக்கொழுந்து. "நாளைக்கு வாறது இருநூற்றி முப்பது. உங்கடை முதுகுக்காகச் சொல்லேல்லை, அக்கா ஈரக்கையோடை சட்டி கழுவிப்போட்டு இதிலைதான் சாத்துறவ."

நடராசா நாக்கைத் துணியால் துடைத்தார். மனுசியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். இதைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூடாது என்று போகும்போது கையால் காட்டினார். சிவலட்சுமி அன்று பின்னேரமே கிணற்றடியில் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜவாஹிர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுவதற்கு முன்னமே அவள் போய் முன்னால் நின்றாள்.

"நானா, நான் பொய் சொன்னனான். ஒண்டில்லை, பதினொரு வீடு."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "இப்ப?"

"பதினொண்டும் கழட்டியாச்சு."

"தனியாவா?"

"ஓம்."

"லைசென்ஸ் என்ட. ஒரு ஆளு செத்தா பொலிசுல மாட்டி மறியலுக்குப் போறதும் நான்." அவர் குரல் உயரவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவினார். "முந்தாநாளே சொல்லியிருந்தா நானும் ஒரு குறடு எடுத்து வந்திருப்பன். பத்து வீடு என்ட கண்ணுக்கு முன்னால செய்யுங்க. அதுக்குப் பொறகு பாப்பம். குசினியெல்லாம் கடைசி. கல்வீடு நாப்பத்திரண்டும் முடியாமக் குசினிக்கு வயர் இல்ல."

"சரி நானா."

பத்தே முக்காலுக்கு லைன் கொடுத்தார்கள். வயர் முடிந்த கல்வீடுகளில் பட்டப்பகலில் எல்லாப் பல்பும் எரிந்தன. ஒருவரும் அணைக்கவில்லை. குசினிகளில் மட்டும் இருட்டு. பற்றரியும் போய், கறண்டும் வராமல், பழையபடி குப்பி விளக்கு. அந்தக் கிழமை முழுவதும் சிவக்கொழுந்து எந்த வீட்டு ஏணியில் ஏறி நின்றாலும் பக்கத்து வளவுகளிலிருந்து திட்டு வந்தது. கனகம்மா பானையைப் போட்டுடைத்த கோபத்தில் திட்டினார். கடைசி வளவுக்காரி தன் கோழிக்குத் திட்டுகிற சாட்டில் திட்டினாள். "கறண்ட் வந்தும் நான் குப்பி விளக்கிலை சொதி வைக்கிறன், அந்த ஒற்றை வயராலை" என்று சிவலட்சுமியின் குரல் கேட்டது. நடராசா இருமினார்.

"என்ன தங்கச்சி, இப்புடி ஏசுறாங்க, பேசாம நிக்கிறியள்?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற ஜவாஹிர் கேட்டார்.

சிவக்கொழுந்து வாயில் இரண்டு திருகாணியைக் கவ்வியிருந்தாள். அவற்றை எடுத்துவிட்டு, "எண்ணிக்கொண்டு நிக்கிறன் நானா" என்றாள். "பதினொரு வீட்டிலையும் சத்தம் கேக்குது. ஒருத்தரும் குறையேல்லை."

பிறகு திருகாணியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வயரை இழுத்தாள்.